தாலிக்கு முன்னா, பின்னா: அமெரிக்கக் குடியுரிமை உள்ளவரை மணப்பவருக்கு எந்த விசா?

அமெரிக்கக் குடியுரிமை உள்ள ஒருவரை மணந்து அங்கேயே குடியேற முடிவு செய்துவிட்ட தமிழ்நாட்டுப் பெண்ணுக்கோ ஆணுக்கோ முறையான வழிகள் இரண்டு உள்ளன. திருமணத்துக்கு முன்பே விண்ணப்பித்து, அமெரிக்காவில் இறங்கிய 90 நாளுக்குள் மணமுடிக்க வேண்டிய கே-1 விசா ஒன்று. இங்கே மணமுடித்து, பதிவுச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பிக்கும் வாழ்க்கைத்துணை விசா மற்றொன்று. மணமாகி ஈராண்டு நிறையாதவருக்கு அதன் பெயர் சிஆர்-1, நிறைந்தவருக்கு ஐஆர்-1. எது சீக்கிரம் கிடைக்கும் என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. அந்தக் கேள்வியே பலரைத் தவறான வரிசையில் கொண்டுபோய் நிறுத்துகிறது என்பேன். விமானம் ஏறும் நாளைக் கணக்கிடுகிறவர்கள், கிரீன் கார்டு கைக்கு வரும் நாளைக் கணக்கிடுவதில்லை.

கே விசாப் பிரிவு 1970-இல், வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்கச் சட்டத்தில் சேர்ந்தது. வெளிநாட்டில் நிச்சயித்த பெண்ணை ஊருக்கு அழைத்துவந்து கலியாணம் செய்துகொள்வதற்கான ஏற்பாடு அது. இன்றும் அதன் இயல்பு அவ்வளவுதான். குடியுரிமை உள்ளவர் ஐ-129எஃப் மனுவைப் போட வேண்டும். மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் இருவரும் ஒருமுறையாவது நேரில் சந்தித்திருக்க வேண்டும். வீடியோ அழைப்புகள் சந்திப்பாகக் கொள்ளப்படுவதில்லை. வாழ்க்கைத்துணை விசாவுக்கான ஐ-130 மனுவில் இந்தச் சந்திப்பு நிபந்தனை இல்லை. ஆனால், இருவரும் ஓரிடத்தில் இல்லாமல் இணையவழியில் நடந்த திருமணம், அதன்பின் இருவரும் சேர்ந்து வாழாதவரை குடியேற்றச் சட்டத்தின் கண்ணில் திருமணமே அன்று.

இரண்டிலுமே இன்று ஓராண்டுக்குக் குறையாத காத்திருப்பை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. கே-1 சில மாதம் முந்தக்கூடும். ஆனால் அந்த முந்தல் விமான நிலையத்தோடு தீர்ந்துபோகிறது. சிஆர்-1 விசாவில் இறங்குபவர் அந்த நிமிடமே நிரந்தரக் குடியாளர். கடவுச்சீட்டில் ஒட்டிய விசாவின் மேல் விழும் நுழைவு முத்திரையே ஓராண்டுக்குக் கிரீன் கார்டாகச் செல்லும். மறுநாளே வேலைக்குப் போகலாம், மறுமாதமே ஊருக்கு வந்து திரும்பலாம். கே-1 விசாவில் இறங்குபவரோ மணமுடித்த பிறகு, கிரீன் கார்டு கேட்கும் ஐ-485 என்ற நிலைமாற்ற மனுவைப் போட்டு, வேலை அனுமதிக்கும் பயண அனுமதிக்கும் தனித்தனியே விண்ணப்பித்து மறுபடியும் காத்திருக்கிறார்.

அந்த இடைக்காலம் எப்படி இருக்கும் என்பதை எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பார்த்தேன். சென்னையில் எட்டு ஆண்டு வேலை பார்த்த பெண், புறநகர் அடுக்ககம் ஒன்றில், கணவர் காரை எடுத்துக்கொண்டு போனபின் மாலைவரை சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். சம்பளம் இல்லை, ஓட்டுநர் உரிமம் இல்லை, எதற்கெடுத்தாலும் கணவரிடம் கை நீட்ட வேண்டியிருந்தது. ஐந்தாவது மாதம், அப்பாவை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம் என்று ஊரிலிருந்து போன் வந்தது. பயண அனுமதி வராமல் நாட்டை விட்டுக் கிளம்பினால் ஐ-485 மனு கைவிடப்பட்டதாகவே கொள்ளப்படும் என்பதால் அவரால் கிளம்ப முடியவில்லை. அப்பா பிழைத்துக்கொண்டார் என்பது அதிர்ஷ்டம். வயதான பெற்றோர் உள்ளவர்களிடம், வேறு எந்தக் காரணத்தைப் பார்க்காவிட்டாலும் இந்த ஒன்றைப் பார்த்து முடிவெடுங்கள் என்றே சொல்வேன்.

செலவிலும் கே-1 பின்தங்குகிறது. 2024 ஏப்ரலில் உயர்ந்த கட்டணங்களின்படி மனுவுக்கு 675 டாலர், விசாவுக்கு 265, நிலைமாற்றத்துக்கு 1,440 என்று 2,380 டாலர் ஆகிறது; வேலை அனுமதிக்கு 260, பயண அனுமதிக்கு 630 என்பவை இதற்கு மேல். வாழ்க்கைத்துணை விசாவில் மனுவுக்கு 675 (இணையவழி என்றால் 625), விசாவுக்கு 325, வருமான உறுதிமொழி ஆவணத்துக்கு 120, குடியேற்றக் கட்டணம் 235 என்று 1,355 டாலரோடு கணக்கு முடிகிறது. மருத்துவப் பரிசோதனையும் காவல்துறைச் சான்றும் இரண்டுக்கும் பொது.

நம் ஊர்க்காரர்கள் அதிகம் தடுக்கிவிழுவது வேறிடத்தில். கே-1 கேட்பவர் மணமாகாதவராக இருக்க வேண்டும். இந்து திருமணச் சட்டத்தில் திருமணத்தைச் செல்லுபடியாக்குவது சடங்கு. பதிவு அதற்கு ஆதாரம் மட்டுமே. ஆகவே "ரிஜிஸ்டர் பண்ணவில்லை, கோயிலில் தாலி மட்டும் கட்டிக்கொண்டோம்" என்று சொல்பவர் கே-1 தகுதியைத் தம் வாயாலேயே இழக்கிறார். தாலியே கட்டாவிட்டாலும், மண்டபம் பிடித்து, மாலை மாற்றி, முந்நூறு பேருக்குப் பந்தி போட்ட நிச்சயதார்த்தப் படங்களைக் கோப்பில் வைத்தால், இது கலியாணமா நிச்சயமா என்ற சந்தேகம் நேர்காணல் அதிகாரிக்கு வருவது இயல்பு. உறவு உண்மையானது என்று காட்ட அடுக்கிய படங்களே இப்படி எதிர்ச்சாட்சி ஆகிவிடுகின்றன. அதோடு, கே-1 வழியில் கலியாணம் அமெரிக்காவில்தான் நடந்தாக வேண்டும். கன்னிகாதானம் செய்ய வேண்டிய தகப்பனாருக்கு 90 நாளுக்குள் சுற்றுலா விசா கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஊரறியக் கலியாணம் நடத்த விரும்பும் குடும்பத்துக்கு, இங்கேயே நடத்தி, பதிவு செய்து, சிஆர்-1 கேட்பதே இயல்பான வழி.

அப்படியானால் கே-1 யாருக்கு? முதலாவதாக, இங்கே எளிதில் மணமுடிக்க முடியாதவர்களுக்கு. இருவரும் இந்துக்கள் என்றால் திருமணமும் பதிவும் ஒரே பயணத்தில் முடிந்துவிடும். மதம் வேறு என்றால் பெரும்பாலும் 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் வர வேண்டும். ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும், அறிவிப்புக் கொடுத்தபின் இன்னும் 30 நாள் காத்திருக்க வேண்டும். மூன்று வார விடுப்பில் வரும் அமெரிக்கத் துணைக்கு இது அநேகமாக இரண்டு பயணம். வீட்டார் எதிர்ப்பும் சேர்ந்திருந்தால், அலுவலகப் பலகையில் ஒட்டப்படும் அந்த அறிவிப்பே ஆபத்தாகலாம். ஒருபாலின இணைகளுக்கோ இந்தியாவில் மணமுடிக்கும் வாய்ப்பே இல்லை; 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த உரிமையை அளிக்க மறுத்தது. அமெரிக்காவோ 2013 முதல் அவர்களுடைய திருமணங்களையும் நிச்சயங்களையும் குடியேற்றத்துக்கு ஏற்கிறது. அத்தகைய திருமணம் சட்டப்படி செல்லும் மூன்றாவது நாடு ஒன்றில் மணமுடிக்க வசதியில்லை என்றால், கே-1தான் அவர்களுக்கு நேர்வழி.

முந்தைய மணத்தில் பிறந்த பிள்ளை உள்ளவரின் நிலையும் தனி. வாழ்க்கைத்துணை வழியில், பிள்ளைக்கு 18 வயது நிறையுமுன் திருமணம் நடந்திருந்தால்தான் அந்தப் பிள்ளைக்காக மாற்றாந்தகப்பன் மனுப்போட முடியும். அதுவும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி மனு. கே-1 வழியில் 21 வயது ஆகாத, மணமாகாத பிள்ளை கே-2 விசாவில் தாயோடு வரலாம். பத்தொன்பது வயது மகள் உள்ள தாய்க்கு, மேலே சொன்ன எல்லாக் குறைகளையும் தாண்டிக் கே-1தான் சரி.

கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவரால் கே-1 மனுப்போடவே முடியாது. அவருடைய வாழ்க்கைத்துணை எஃப்2ஏ என்ற எண்ணிக்கை வரம்புள்ள வரிசையில் நிற்க வேண்டும். வருமான விஷயத்தில் கே-1 முதலில் தளர்வாகத் தோன்றும். விசாக் கட்டத்தில் அமெரிக்கத் துணைக்கு வறுமைக்கோட்டு அளவு வருமானமே போதும், அதாவது 2025 கணக்கில் இருவருக்கு 21,150 டாலர். ஆனால் நிலைமாற்றத்தின்போது 125 சதவீதம், அதாவது 26,437 டாலர் காட்டி, வருபவரின் பராமரிப்புக்குப் பொறுப்பேற்கும் ஐ-864 உறுதிமொழியில் கையெழுத்திட்டே ஆக வேண்டும். விவாகரத்து ஆனாலும் அந்த உறுதிமொழி கையெழுத்திட்டவரை விடாது என்பதை இருவரும் முன்கூட்டியே படித்துக்கொள்ள வேண்டும்.

ஐ-130 மனு தேறுமுன்பே வாழ்க்கைத்துணை அமெரிக்கா வந்துவிடுவதற்கென்று கே-3 விசா ஒன்று ஏட்டில் இருக்கிறது. ஐ-130 மனு அதற்குள் தேறிவிடுவதால் நடைமுறையில் அதை மறந்துவிடலாம். சுற்றுலா விசாவில் போய் அங்கே தாலி கட்டிக்கொண்டு தங்கிவிடலாம் என்று யோசனை சொல்லும் உறவினர் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். அந்த விசாவில் இருக்கும்போது மணமுடிப்பது குற்றமன்று. தங்கிவிடும் எண்ணத்தை மறைத்து நுழைவதுதான் குற்றம். பொய்க்கூற்று என்று தீர்ப்பானால் வாழ்நாள் தடை விழும்.

வாழ்க்கைத்துணை வழியைத் தேர்ந்தவர்களுக்கு இரண்டு நடைமுறைக் குறிப்புகள். நம்மில் பலருக்குக் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் இடம் காலியாக இருக்கும். அமெரிக்க விசாவில் நம் பெயர் குடும்பப்பெயராகி, முதற்பெயர் இடத்தில் 'எஃப்என்யு' என்று, அதாவது பெயர் தெரியாது என்று, அச்சாகிவிடும். பதிவுச் சான்றிதழும் கடவுச்சீட்டும் ஒரே பெயரைச் சொல்லும்படி மனுவுக்கு முன்பே திருத்திவிடுங்கள்; நேர்காணல் சென்னை ஜெமினி மேம்பாலத்தருகே உள்ள அமெரிக்கத் துணைத்தூதரகத்தில் அன்று, மும்பையில், எனவே ஒரு எழுத்துக்காக மறுபடி அலைவது எளிதல்ல. மற்றொன்று: விசா கைக்கு வந்தபின் மணநாளின் இரண்டாம் ஆண்டு நிறைவு அண்மையில் இருந்தால், விசாவின் செல்லுபடிக் காலத்துக்குள் அந்த நாள் கழியும்வரை பயணத்தைத் தள்ளிப்போடலாம். நுழைவாயில் அதிகாரியிடம் திருமணத் தேதியைக் காட்டி, சிஆர்-1 என்பதை ஐஆர்-1 என்று மாற்றக் கேளுங்கள். ஈராண்டு நிபந்தனைக் கார்டுக்குப் பதில் பத்தாண்டுக் கார்டு வரும். நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 மனுவும் அதற்கான 750 டாலரும் மிச்சம்.