வாஷிங்டனா, ஜெனீவாவா, திருவனந்தபுரமா? புலம்பெயர்வுக் கொள்கை இன்டர்ன்ஷிப்புக்கு எங்கே விண்ணப்பிக்கலாம்

புலம்பெயர்வுக் கொள்கையில் ஆராய்ச்சி இன்டர்ன்ஷிப் தேடும் நம் முதுகலை மாணவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பெரும்பாலும் இரண்டு பெயர்கள்தான். ஒன்று, வாஷிங்டனில் உள்ள மைக்ரேஷன் பாலிசி இன்ஸ்டிட்யூட், சுருக்கமாக எம்.பி.ஐ. இன்னொன்று, ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.ஓ.எம். எனும், புலம்பெயர்வுக்கான ஐ.நா. அமைப்பு. மூன்றாவதாகத் திருவனந்தபுரத்தின் புலம்பெயர்வு ஆய்வு மையங்கள் என்று சொன்னால் உற்சாகம் சட்டென்று வடிந்துவிடுகிறது. ஆனால் இந்தியாவிலிருந்து முதல்முறையாக விண்ணப்பிப்பவருக்கு என் ஓட்டு அந்த மூன்றாவதுக்குத்தான்.

எம்.பி.ஐ. 2001இல் தொடங்கிய, கட்சி சார்பற்ற திங்க் டேங்க். அமெரிக்காவில் உரிய ஆவணம் இல்லாமல் வாழ்பவர்கள் 2023 நடுவில் சுமார் 1.37 கோடிப் பேர் என்று செய்திகளில் அடிபடும் மதிப்பீடு இவர்களுடையதுதான். இப்படிப்பட்ட இடத்தில் இன்டர்ன் செய்வது என்ன? எண்களைத் தேடி எடுப்பது, பழைய ஆய்வுகளைச் சுருக்கித் தருவது, அறிக்கையில் உள்ள தகவல்களைச் சரிபார்ப்பது, கூட்டங்களில் குறிப்பெடுப்பது. கேட்கச் சப்பென்று இருக்கலாம். ஆனால் 60 பக்க ஆய்வை, நேரமில்லாத ஒரு நாடாளுமன்ற உதவியாளர் படிக்கும்படி இரண்டு பக்கமாக்கும் வித்தை வாஷிங்டன் அளவுக்கு வேறெங்கும் எளிதில் கைவராது.

சிக்கல் விசா. ஏற்கெனவே அமெரிக்காவில் எஃப்-1 எனும் மாணவர் விசாவில் படிப்பவருக்குக் கவலை குறைவு. பொதுவாக ஒரு கல்வியாண்டு முடித்ததும் சி.பி.டி., அதாவது படிக்கும்போதே படிப்பின் அங்கமாக வேலை பார்க்கும் அனுமதி, கிடைக்கும். ஆனால் முழுநேர சி.பி.டி.யை 12 மாதம் பயன்படுத்திவிட்டால் அதே பட்டத்துக்கான ஓ.பி.டி., அதாவது பெரும்பாலும் படிப்பு முடிந்தபின் பயன்படுத்தும் வேலை அனுமதி, போச்சு, கவனம். ஓ.பி.டி.யில் வேலையில்லாமல் இருக்க 90 நாள்தான் அனுமதி. படிப்போடு தொடர்புடைய இன்டர்ன்ஷிப், வாரம் 20 மணி நேரமாவது இருந்தால், சம்பளம் இல்லாவிட்டாலும் அந்தக் கணக்கில் வேலையாகவே சேரும். முதுகலையை வாஷிங்டனிலேயே முடித்துவிட்டு வேலை தேடுபவருக்கு இது பெரிய வசதி.

இந்தியாவிலிருந்து நேரடியாகப் போவதென்றால் ஜே-1 எனும் பரிமாற்ற விசாவின் இன்டர்ன் பிரிவு. மாணவராக இருக்க வேண்டும், அல்லது பட்டம் வாங்கி 12 மாதத்துக்குள் இருக்க வேண்டும். அமெரிக்க அரசின் அங்கீகாரம் பெற்ற ஸ்பான்ஸர் வேண்டும், பயிற்சித் திட்டப் படிவம் வேண்டும், இரண்டுக்கும் அலைச்சலும் செலவும் உண்டு. 2025 ஜூனிலிருந்து விண்ணப்பதாரரின் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுவில் திறந்து வைக்கவும் சொல்கிறார்கள். அமெரிக்கக் குடியேற்றக் கொள்கையை விமர்சித்து நாலு பதிவாவது போடாத மாணவர் இந்தத் துறையில் யார் இருக்கிறார்கள்?

ஐ.ஓ.எம். வேறு ஜாதி. 1951இல் பிறந்து, 2016இல் ஐ.நா. குடும்பத்தில் சேர்ந்தது. இந்தியா 2008இல் உறுப்பினரானது. இது முதலில் களத்தில் திட்டங்களை நடத்தும் அமைப்பு, ஆராய்ச்சி அங்கங்கே சில பிரிவுகளில் மட்டும்தான். உலகப் புலம்பெயர்வு அறிக்கையைத் தயாரிக்கும் குழு, பெர்லினில் 2015இல் தொடங்கிய தரவு மையம் போன்றவை அவை. 2014 முதல் பயணத்தில் இறந்தவர்கள், காணாமல் போனவர்கள் என 70,000 பேருக்கு மேல் பதிவு செய்திருக்கும் 'மிஸ்ஸிங் மைக்ரன்ட்ஸ்' திட்டம் ஐ.ஓ.எம்.முடையதுதான். அங்கே இடம் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். வேறு பிரிவில் சேர்ந்தால் நன்கொடை நாடுகளுக்கு அறிக்கை எழுதியே மாதங்கள் ஓடிவிடலாம். லோகோவைப் பார்க்காமல் பிரிவின் பெயரைப் பாருங்கள்.

இப்போதைக்கு நிலைமையும் சரியில்லை. அமெரிக்க நிதி வெட்டுக்குப் பிறகு, 2025 மார்ச்சில், உலகெங்கும் 6,000க்கு மேற்பட்ட ஊழியர்கள் பாதிக்கப்படுவதாகவும் தலைமையகத்தில் 20 சதவீத ஆள்குறைப்பு என்றும் ஐ.ஓ.எம். அறிவித்தது. அனுபவம் உள்ளவர்களே வெளியே நிற்கும்போது புதியவருக்கு வரிசை நீளம்தான். போதாததற்கு ஜெனீவாவின் வாடகை. 2015இல் சம்பளமில்லாத ஐ.நா. இன்டர்ன் ஒருவர் அங்கே கூடாரத்தில் தங்கிய செய்தி உலகம் முழுக்கப் பரவியது. அதே ஊரில் உள்ள சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ. தன் இன்டர்ன்களுக்கு உதவித்தொகை தருகிறது. வளைகுடாத் தொழிலாளர் பற்றிப் படிப்பவருக்கு ஐ.ஓ.எம்.மைவிட ஐ.எல்.ஓ.தான் பொருத்தம் என்பேன்.

சரி, திருவனந்தபுரம். 1998இல் வளர்ச்சி ஆய்வு மையமான சி.டி.எஸ்., 10,000 வீடுகளில் முதல் கேரளப் புலம்பெயர்வு ஆய்வை நடத்தியது. அது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தொடர்ந்து நடந்து, 2023இல் 20,000 வீடுகளுக்கு விரிந்தது. அந்தச் சுற்றை முன்னெடுத்தது, பேராசிரியர் எஸ். இருதயராஜன் தலைமையில் அதே ஊரில் இயங்கும் ஐ.ஐ.எம்.ஏ.டி. எனும் புலம்பெயர்வு ஆய்வு நிறுவனம். அதன்படி வெளிநாட்டில் உள்ள கேரளத்தார் சுமார் 22 லட்சம். இதே முறையில்தான் 2015இல் தமிழ்நாட்டுக்கும் ஆய்வு நடந்தது. வெளிநாட்டில் உள்ள தமிழ்நாட்டினரின் எண்ணிக்கையைப் பற்றி எழுதுபவர்கள் இன்றும் அதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள்.

இங்கே கையில் பெரிதாகக் காசு எதிர்பார்க்க முடியாது. விளம்பரத்துக்குக் காத்திருக்காமல் நீங்களாகவே மின்னஞ்சல் எழுதிக் கேட்க வேண்டியிருக்கும். களத்துக்குப் போக மலையாளம் தேவை, நாகர்கோவில்காரர்களுக்கு அது பிரச்சினையே இல்லை. ஆனால் வினாத்தாள் எப்படி உருவாகிறது, ஒரு வீட்டில் சொன்ன பதில் மாவட்ட அட்டவணையில் எப்படி எண்ணாகிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். முடிந்த அறிக்கையை மட்டும் படித்தவருக்கு இது பிடிபடாது.

இதனால்தான் என் ஓட்டு. இந்தத் துறையின் ஆராய்ச்சி இன்டர்ன்ஷிப்பில் ஆளைத் தேர்ந்தெடுக்க வைப்பது பெரும்பாலும் எழுத்து மாதிரிதான். ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தை வெட்டி அனுப்பினால் எடுபடாது. ஐந்து பக்கம், ஒரே கேள்வி, சொந்தமாகப் போட்ட ஓர் அட்டவணை போதும். வெளிநாடுவாழ் கேரளத்தாருக்காக நோர்க்கா துறை 1996இலேயே வந்துவிட்டது, தமிழ்நாட்டில் வெளிநாடுவாழ் தமிழர் சட்டம் 2011இல்தான் வந்தது. இந்த 15 ஆண்டு இடைவெளி என்ன வித்தியாசம் செய்தது? இரண்டு மாநில ஆய்வுகளையும் பக்கத்தில் வைத்து இதற்கு விடை தேடிய ஒரு கட்டுரை, 'சிறுவயதிலிருந்தே அகதிகள் மீது அக்கறை' என்று தொடங்கும் பத்து கடிதங்களைவிடக் கனமானது.

ஏற்கெனவே அமெரிக்காவில் படித்துக்கொண்டிருப்பவர் இந்த வரிசையைப் பின்பற்ற வேண்டாம், நேராக வாஷிங்டனுக்கே போடுங்கள். ஆனால் கோடைக்கால இடங்களுக்கு அறிவிப்பு முந்தைய குளிர்காலத்திலேயே வந்துவிடலாம். அப்புறம், ஓ.பி.டி. விண்ணப்பமும் மாதக்கணக்கில் இழுக்கும், இரண்டையும் ஒன்றாகத் தொடங்குங்கள்.