நிறை குறைப்பு ஒப்பரேசனுக்கு முன் நான் ஏறி இறங்கிய இரண்டு கிளினிக்: இரண்டாவதுக்கு 5இல் 3½

மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதியில் வீட்டு விறாந்தையில் இரண்டு மெஷின் போட்டுத் தைக்கிறேன். தையல் டேப் 60 அங்குலத்தோடு முடிந்துவிடும். போன சித்திரை வருசத்துக்கு எனக்கே சட்டை வெட்ட அளவெடுத்தால், டேப்பின் இரண்டு நுனியும் இடுப்பில் சந்திக்கவில்லை. மிச்சத்தை மகள் நூல் பிடித்து அளந்தாள். வயது 47, உயரம் 156 சென்றிமீற்றர், நிறை 121 கிலோ. ஒன்பது வருசமாகச் சீனி வருத்தம். இரண்டு முழங்காலும் போய்விட்டன. இரவில் குறட்டை நடுவில் நின்று, மூச்சும் நின்று, பிறகு திடுக்கிட்டு இழுக்கிறேன் என்று வீட்டுக்காரர் சொல்வார்.

டேப் சந்திக்காத நாளுக்குப் பிறகும் ஒப்பரேசன் செய்வதா என்று எட்டு மாதம் யோசித்தேன். "வாயக் கட்டினாக் காணுந்தானே புள்ள, வயித்த ஏன் வெட்டுவான்?" என்று மச்சாள் கேட்டாள். வாயை நான் இருபது வருசமாகக் கட்டிப் பார்க்கிறேன். பத்துக் கிலோ இறங்கும், பன்னிரண்டு ஏறும். கிழமைக்கு ஒருக்காப் போடும் ஊசியைப் பற்றியும் எங்கட டொக்டரிடம் கேட்டேன். நிறை குறையும்தான், ஆனால் நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வரும் என்றார். மாதாமாதம் அதற்குக் காசு கட்ட என் மெஷின் ஓடாது.

இனி கிளினிக். இரண்டும் கொழும்பில், இரண்டும் தனியார். ஒன்றைத் திட்டப்போகிறேன், மற்றதிலும் குறை சொல்லப்போகிறேன், அதனால் பேர் போடவில்லை.

முதலாவது இடத்தில் பத்து நிமிசம். தராசில் ஏற்றினார்கள், உயரத்துக்கு நிறை எவ்வளவு கூட என்று கல்குலேட்டரைத் தட்டினார்கள், "உங்கட பிஎம்ஐ 50 கிட்ட, ஸ்லீவ் ஒப்பரேசன் செய்யலாம்" என்று திகதியும் முற்பணமும் எழுதித் தந்தார்கள். கைப்பிடி வைத்த கதிரையில் நான் கொள்ளாமல் நின்றுகொண்டே கேட்டேன். நெஞ்செரிவு இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கோ நெஞ்செரிவால் தலையணை மூன்று. திரும்பி வர இரவு பஸ்ஸில் இரண்டு சீட்டுக்குக் காசு கொடுத்தேன், எப்போதும் அப்படித்தான். மட்டக்களப்பு வந்து சேரும்வரை அந்தத் திகதித் துண்டைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இரண்டாவது இடத்தைச் சொன்னது காத்தான்குடி ராத்தா ஒருவர், என்னிடம் அபாயா தைக்கிறவர். மூன்று வருசத்துக்கு முன் நிறை குறைய இரைப்பையில் பைபாஸ் செய்தவர். முதல் பெருநாளுக்கே வட்டிலப்பம் நாலு கரண்டி தின்று, நெஞ்சு படபடத்து, வேர்த்து ஊற்றி, வயிறு கலக்கிப் படுத்த கதையையும் அவர்தான் சொன்னார். நாலாம் மாதம் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியதாம், பிறகு வளர்ந்ததாம். "ஒழிச்சுச் சொல்ல மாட்டன் புள்ள, ஆனா நான் திரும்பவும் செய்வன்" என்றார். அந்த வார்த்தைக்கு நான் வைத்த மதிப்பைக் கொழும்பு விளம்பரம் ஒன்றுக்கும் வைக்கவில்லை.

அங்கே கதிரைகளுக்குக் கைப்பிடி இல்லை, அகலமாக இருந்தன. அதற்கே அரை மதிப்பெண் போட்டுவிட்டேன். டொக்டர் முதலில் கேட்டது நிறையை அல்ல, நெஞ்செரிவை. பிறகு காகிதத்தில் இரைப்பையைக் கீறிக் காட்டினார். ஸ்லீவ் என்றால் இரைப்பையில் ஏறக்குறைய 80 வீதத்தை வெட்டி எடுத்துவிடுவார்கள், மிச்சம் வாழைப்பழம் போல ஒரு குழாய். வெட்டினதை ஒட்ட ஏலாது. நெஞ்செரிவு இருக்கிறவர்களுக்கு அந்த எரிவு இன்னும் கூடிவிடலாம். பைபாஸில் மேலே ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்துக் குடலோடு இணைப்பார்கள். நெஞ்செரிவுக்கும் சீனிக்கும் அது நல்லது, ஆனால் பி12, இரும்பு, கல்சியம் எல்லாம் சாகும்வரை எடுக்க வேணும். எனக்குத் தையல் பாசையில் விளங்கியது: ஒன்று துணியை வெட்டி எறிவது, மற்றது மடித்து வேறு பக்கம் திருப்பித் தைப்பது.

எனக்குப் பைபாஸ்தான் என்று முடிவானது. அதோடு திகதி தருவார் என்று நினைத்தேன். தரவில்லை. வாயால் கமெரா விட்டுப் பார்த்தார்கள். ஹெலிகோபக்டர் பைலோரி என்ற கிருமி இருந்தது, அதற்கு 14 நாள் மருந்து. விரலில் கிளிப்பும் மூக்கில் குழாயும் மாட்டி ஓர் இரவு நித்திரைப் பரிசோதனை. மூச்சு நிற்பது உண்மைதான் என்று மாஸ்க் மெஷின் ஒன்றை வாடகைக்குத் தந்தார்கள். மயக்க மருந்துக்கு முன் அதற்குப் பழக வேணுமாம். முதல் கிழமை முகத்தில் ஆட்டுக்குட்டி ஏறிப் படுத்த மாதிரி இருந்தது. இப்போது அது இல்லாமல் நித்திரை வராது, பகலில் தையல் மெஷினில் தூங்கி விழுவதும் நின்றுவிட்டது.

முழங்காலுக்குப் போடும் டைக்ளோபெனக் குளிசையையும் எழுதிக்கொண்டார்கள். பைபாஸுக்குப் பிறகு அந்த இன நோக்குளிசைகள் கூடாது, இணைத்த இடத்தில் புண் வரும். பனடோல் மட்டும். மறுகா தாதி மிஸ் ஒருவர் என் பல்லைப் பார்த்துவிட்டு, "வெத்திலையோட புகையிலையும் போடுறீங்களா அக்கா?" என்று கேட்டார். சிகரெட் பிடிப்பீர்களா என்று மட்டும் கேட்டிருந்தால் இல்லை என்று உண்மையாகவே சொல்லியிருப்பேன். புகையிலையும் அதே நஞ்சுதான், காயம் ஆறாது என்று சொல்லி ஆறு கிழமை தவணை தந்தார். எல்லாவற்றிலும் எனக்குக் கஷ்டமாக இருந்தது இதுதான், சோற்றை விடுவதல்ல. மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த வெத்திலைத் தட்டத்தில் இப்போது பொத்தான் கிடக்கிறது.

இனிக் குறை. ஒப்பரேசனுக்கு முந்திய இரண்டு கிழமைக்குச் சாப்பாட்டுத் தாள் ஒன்று தந்தார்கள். ஈரல் கொழுத்து இரைப்பைக்கு மேல் படுத்திருக்கும், வயிற்றில் போடும் சின்னத் துளை வழியாக வேலை செய்ய அதைத் தூக்க வேணும், ஆகவே அதைச் சுருக்கும் சாப்பாடு. காரணம் நியாயம்தான். தாளில் இருந்ததோ ஓட்ஸ், ப்ரொக்கோலி, ரின்னில் வரும் சமன் மீன். "தங்கச்சி, களப்புக்குப் பக்கத்தில இருந்துகொண்டு ரின் மீன் திண்டா ஊர் சிரிக்கும்" என்று தாள் தந்த பிள்ளையிடம் சொன்னேன். அது சிரித்துப்போட்டு வேறு தாள் எழுதியது: களப்பு மீன் அவியல், முட்டை வெள்ளை, அவித்த பயறு, முருங்கையிலைச் சுண்டல், சீனியும் பாணியும் இல்லாத தயிர். புட்டு இல்லை, சொதி இல்லை. இதற்கு முழு மதிப்பெண்.

ஆனால் அந்தத் தாளில் சீனிக் குளிசையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. சோற்றை நிறுத்திவிட்டுப் பழைய அளவிலேயே கிளிக்லசைட் போட்டால் என்னாகும்? மூன்றாம் நாள் பின்னேரம் ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் கை நடுங்கியது. விரலில் குத்திச் சீனி பார்த்தால் 58, நல்லாக் குறைவு. மகள் சீனித்தண்ணி கரைத்துத் தந்தாள். கிளினிக் தந்த நம்பருக்கு ஐந்து தரம் எடுத்தோம், ஆளில்லை. விடிந்த பிறகுதான் டொக்டர் பேசி அந்தக் குளிசையை நிறுத்தினார், மன்னிப்பும் கேட்டார். ஒரு மதிப்பெண் அதோடு போனது. நீங்கள் போவதென்றால் குளிசை அளவை முதல் நாளே கேட்டு எழுதி வாங்குங்கள்.

மற்ற அரை போனது சம்மதப் பத்திரத்தால். முழுக்க ஆங்கிலம். இரத்தம் கட்டுவது, இணைத்த இடம் கசிவது, பிறகு நிறை திரும்ப ஏறுவது எல்லாம் அதில் இருக்கிறது. அதைத் தமிழில் எனக்கு வாசித்துச் சொன்னது தன் சாப்பாட்டு நேரத்தை விட்டுவிட்டு வந்த ஒரு மிஸ். அது அவருடைய நல்ல மனம், கிளினிக்கின் சேவை இல்லை.

காசுக் கணக்கில் ஒளிப்பு மறைப்பு இல்லை, விற்றமினும் மாஸ்க் வாடகையும் வேறு என்று முதலே சொன்னார்கள். வெட்டிய கையோடு பஸ்ஸில் மட்டக்களப்புக்கு ஓடக் கூடாது, காலில் இரத்தம் கட்டும், பத்து நாள் கொழும்பில் நின்று நடக்க வேணும் என்றும் சொன்னார்கள். வெள்ளவத்தையில் தம்பி வீட்டில் நிற்கப்போகிறேன்.

இன்றைக்குத் தராசு 114. டேப் சந்திக்கிறது, அரை அங்குலம் மேலேறியும் நிற்கிறது. வருகிற கிழமை படுக்கப் போகிறேன். ஓடர் தந்தவர்கள் மகளிடம் வாங்கிக்கொள்ளுங்கள், கை மட்டும் கொஞ்சம் இறுக்கமாகத் தைப்பாள், சொல்லி வைத்திருக்கிறேன். போன அந்த ஒரு மதிப்பெண்ணைத் திருப்பிப் போடுவதா இல்லையா என்று, ஊர் வந்த பிறகு ஓர் இரவில் அதே நம்பருக்கு எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.