மொரீசியஸ் பிள்ளைகளுக்கு எந்தத் தட்டச்சு: ஒலிபெயர்ப்பா, தமிழ்99ஆ?

மொரீசியஸின் ரோஸ் ஹில் ஊரில் என்னிடம் தமிழ் எழுதப் பழகும் பிள்ளைகள் வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து கிளைத்த உள்ளூர் மொழியான கிரியோல், பள்ளியில் படிப்பது ஆங்கிலமும் பிரெஞ்சும். தமிழ் அவர்களுக்குப் பாட்டனார் மொழி. கைப்பேசியில் எழுதவைக்க இரண்டு வழிகள் உண்டு.

ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறும் ஒலிபெயர்ப்பை முதல் நாளே பிடித்துக்கொள்கிறார்கள். வாழ்த்துச் செய்தி அனுப்ப அது போதும். ஆனால் 'உ' ஒலிக்கு அவர்கள் பழகியது பிரெஞ்சு முறை: 'o', 'u' என்று இரண்டு எழுத்து. 'முருகன்' என்று அடிக்கப்போன சிறுமிக்குத் திரையில் வேறேதோ வந்தது, பாவம், தன் தமிழ்தான் தப்பு என்று நினைத்துவிட்டாள். 'ழ' வேண்டுமென்றால் பல விசைப்பலகைகளில் 'இசட்'டை அழுத்த வேண்டும். அந்த எழுத்தை வேறு ஒலியாக அறிந்த பிள்ளைக்கு இதை எப்படி விளக்குவது?

தமிழ்99 அப்படியல்ல. 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற இந்த விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். அ, ம, ம, ஆ என்று அழுத்தினால் 'அம்மா' வந்துவிடும், புள்ளி தானாகவே விழும். மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆவதை விரலே கற்றுக்கொள்கிறது. கரும்பலகையில் நான் பலமுறை சொல்லியும் பதியாதது அது.

பழகச் சில வாரம் ஆகும், உண்மைதான். செல்லினம் என்ற தமிழ்த் தட்டச்சுச் செயலியில் இரண்டு முறையும் இருப்பதால் மாற்றிப் பார்ப்பது எளிது. பெரியவர்கள் ஒலிபெயர்ப்பிலேயே இருக்கட்டும், சரி. எழுத்துக்கூட்டப் பழகும் பிள்ளைக்கு நான் தமிழ்99ஐத்தான் கொடுப்பேன்.