ஒரே மட்டை, ஐந்து கோடை: என் பார்க் கோல்ஃப் அனுபவம்

வேலைக்காக ஜப்பானின் ஒபிஹிரோவுக்கு வந்த முதல் கோடையிலேயே பார்க் கோல்ஃப் மட்டை ஒன்று வாங்கிவிட்டேன். இது ஐந்தாவது கோடை. 1983இல் இந்த ஆட்டம் பிறந்த மகுபெட்சு எங்களுக்குப் பக்கத்து ஊர். அங்கே போய் ஆடாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கோல்ஃப் என்றதும் பை நிறைய மட்டைகளை நினைக்க வேண்டாம். தூரமாக அடிக்கவும் குழிக்குள் தட்டிவிடவும் இதற்கு ஒரே மட்டைதான். பந்தின் குறுக்களவு 6 செ.மீ., குழி 20 செ.மீ. மட்டையின் முகத்தில் சாய்வே இல்லாததால் பந்து அவ்வளவாக மேலே எழும்பாது, உருண்டோடும். ஒரு குழிக்கான தூரம் 100 மீட்டரைத் தாண்டாது. எண்பது வயதுத் தாத்தாக்கள் என்னைச் சுலபமாகத் தோற்கடிக்கிறார்கள்.

என் பெரிய குறை மட்டையின் நீளம். விதிப்படி 86 செ.மீ.க்கு மேல் கூடாது. நான் ஆறடி. முதல் வருடம் 18 குழி முடிவதற்குள் இடுப்பு கழன்றுவிடும். முழங்காலை மடக்கி நிற்க ஒரு பாட்டிதான் சொல்லித் தந்தார். அப்புறம் வலி பாதியாகிவிட்டது.

அவரிடம் கற்றது இன்னொன்றும் உண்டு. ஜூன் மாதத்தில் இங்கே நாலு மணிக்கே விடிந்துவிடும். பனித்துளி காயாத புல்லில் பந்து ஓடினால் கருங்கோடு விழும். முன்னால் ஆடியவரின் கோடு எங்கே வளைகிறது என்று பார்த்துவிட்டு அடித்தால், சரிவைத் தனியாகக் கணக்குப் போட வேண்டியதில்லை. ஈரத்தில் பந்து மெதுவாகப் போகும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. பந்து எல்லைக்கு வெளியே போனால் அடித்த எண்ணிக்கையோடு இரண்டைத் தண்டமாகக் கூட்டுவார்கள், அது எனக்குப் பழகிவிட்டது.

மட்டையின் தலை மரம். இரண்டாம் குளிர்காலத்தில் அதைக் காரிலேயே விட்டுவிட்டேன். வசந்தத்தில் எடுத்தபோது முகப்புத் தகடு ஓரத்தில் பிரிந்திருந்தது. தப்பு என்னுடையதுதான். கடையில் ஒட்டிக் கொடுத்தார்கள், ஆனால் 'டொக்' என்ற பழைய சத்தம் திரும்பவே இல்லை.

வாங்க நினைப்பவர்கள் முதலில் திடலில் வாடகை மட்டை எடுத்து நாலைந்து முறை ஆடிப் பாருங்கள். உயரமானவர்கள் கட்டாயம். நான் அதைச் செய்யவில்லை.