நாப்தா கிராக்கரை ஈத்தேனுக்கு மாற்றும் ரீவாம்ப் சேவை: எதைப் பார்த்து வாங்குவது?

நாப்தா என்ற பெட்ரோலிய நீர்மத்தை உடைத்து எத்திலீன் எடுக்கும் ஆலையை, ஈத்தேன் வாயுவில் ஓடும்படி மாற்றியமைப்பதே இந்த ரீவாம்ப். அந்தத் திட்டத்தை வாங்குபவர்கள் முதலில் புரட்டுவது ஃபர்னஸ் (மூலப்பொருளைச் சூட்டில் உடைக்கும் உலை) பக்கங்களைத்தான். அந்தப் பகுதி பொதுவாக நன்றாகவே இருக்கும். நாப்தாவில் கிலோவுக்கு 0.5 கிலோ விட்ட டைல்யூஷன் ஸ்டீம் (மூலப்பொருளோடு கலக்கும் நீராவி), ஈத்தேனுக்கு 0.3 அளவில் போதும். ஃபர்னஸை ஒருமுறை கடக்கையில் 60–65 சதவீத ஈத்தேன் உடையும்படி வைத்து, மீந்த ஈத்தேனைத் திருப்பி விட்டால் எத்திலீன் விளைச்சல் 80 சதவீதத்தை ஒட்டி வரும். நாப்தாவில் சுமார் 30தான். ஈத்தேனில் கந்தகம் அநேகமாக இல்லாததால் டிஎம்டிஎஸ் (ஒரு கந்தகச் சேர்மம்) செலுத்தும் டோசிங் பம்பும் தேவை. அது நின்றால் காயிலில் (ஃபர்னஸ் குழாய்) கோக், அதாவது கரி, வேகமாகப் படியும், கார்பன் மோனாக்சைடும் ஏறும். ஏறியதும் அசிட்டிலீனை நீக்கும் கன்வர்ட்டரில் கேட்டலிஸ்ட் மந்தமாகிவிடும்.

பர்னரைப் பற்றி ஒரே வரியில் முடித்திருந்தால் திட்டத்தைத் திருப்பி அனுப்புங்கள். ஈத்தேனை உடைத்தால் வெளிவருவதில் மீத்தேன் குறைவு, ஹைட்ரஜன் அதிகம். அதிலிருந்து பர்னருக்கு வரும் ஃபியூயல் கேஸ் எரிந்தால் சுடர் வெப்பம் கூடி நாக்ஸ் (நைட்ரஜன் ஆக்சைடுகள்) ஏறும். காற்றும் எரிபொருளும் முன்பே கலக்கும் ப்ரீமிக்ஸ் பர்னரில் சுடர் பர்னருக்குள்ளேயே திரும்பும் ஆபத்தும் உண்டு.

எங்கள் கணிப்பில், பணம் வீணாவதும் மிச்சமாவதும் கம்ப்ரஸரில்தான். ஃபர்னஸிலிருந்து வரும் வாயுக் கலவையான கிராக் கேஸின் சராசரி மூலக்கூறு எடை நாப்தாவில் 27 அளவில் இருக்கும். ஈத்தேனில் 20க்கும் கீழே இறங்கிவிடும். சென்ட்ரிஃபியூகல் கம்ப்ரஸரைப் பழைய வேகத்திலேயே ஓட்டினால் டிஸ்சார்ஜ் அழுத்தம் எட்டாது. வேகத்தைக் கூட்ட டர்பைனில் இடம் இருக்கிறதா, இம்பெல்லர் மாற்ற வேண்டுமா, சர்ஜ் லைன் (ஓட்டம் குறைந்து கம்ப்ரஸர் தடுமாறத் தொடங்கும் எல்லை) எங்கே நகர்கிறது என்று ஸ்டேஜ் வாரியாகக் கணக்கு கேளுங்கள். மொத்தக் குதிரைத்திறனை மட்டும் காட்டும் அறிக்கை எதற்கும் உதவாது.

அடுத்து குவெஞ்ச், அதாவது கிராக் கேஸைக் குளிர்விக்கும் பகுதி. ஈத்தேனில் கனமான எண்ணெய் மிகக் கொஞ்சமே உருவாகும் என்பதால் குவெஞ்ச் ஆயில் சுற்றை நிலைநிறுத்த முடியாது. அந்த எண்ணெயின் சூட்டில் தயாராகி வந்த டைல்யூஷன் ஸ்டீமுக்கு இனி வேறு ஸ்டீம் கொடுத்தாக வேண்டும். தாரும் கோக் தூளும் குவெஞ்ச் வாட்டரில் கலந்து எமல்ஷன் ஆகி, ஸ்டீம் ஜெனரேட்டர் டியூப்களை அடைக்கும். நீரைப் பிரித்துச் சுத்தம் செய்யும் அமைப்பு விலைக்குள் அடங்குகிறதா என்பதை எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

குளிர் பகுதியில் C2 ஸ்ப்ளிட்டரும் (எத்திலீனையும் ஈத்தேனையும் பிரிக்கும் டவர்) ரெஃப்ரிஜரேஷனும் திணறும். கனமான வாயுக்களைப் பிரிக்கும் டிப்ரோப்பனைசரும் டிபியூட்டனைசரும் சுமையின்றி ஓடும். சுமை குறைந்த டவரில் ட்ரேக்கள் (துளைத் தட்டுகள்) ஒழுகும், பிரிப்பு கெடும். ரிஃப்ளக்ஸை (டவரின் உச்சியில் திருப்பி விடும் திரவம்) கூட்டிச் சமாளிக்கலாம், அல்லது ட்ரேயின் துளைகளில் ஒரு பகுதியை அடைக்கலாம். நாப்தாவுக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால் இரண்டாவது வழி வேண்டாம்.