ஹெட்டை இறக்கும் முன் நீலத் தண்ணீர்: கேஸ்கெட் டெஸ்டர் கிட் எப்படி?

திருநெல்வேலி நயினார்குளம் மார்க்கெட்டில் விடியற்காலையில் சரக்கு இறக்க வரிசை கட்டி நிற்கும் பிக்கப்களில் ஏதாவது ஒன்று வெள்ளையாகப் புகைந்துகொண்டிருக்கும். "ஐடில்ல நின்னாதான் அடிக்கு அண்ணாச்சி, மிதிச்சா நின்னுருது" என்பார் டிரைவர். பக்கத்தில் நிற்பவர் யோசிக்காமல் "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்" என்று சொல்லிவிடுவார். ஹெட் என்பது சிலிண்டர்களை மேலே மூடும் பாகம், கேஸ்கெட் அதற்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு. அந்த வார்த்தையை நம்பி இறக்கிய ஹெட்டுகள் கொஞ்சமில்லை. கேஸ்கெட் நன்றாகவே இருக்கும். மாட்டி ஸ்டார்ட் செய்தால் புகையும் பழையபடி வரும்.

இந்தத் தவறைத் தடுக்கத்தான் கேஸ்கெட் லீக் டெஸ்டர் கிட். ஆன்லைனிலும் டூல்ஸ் கடைகளிலும் பல பெயர்களில் கிடைக்கிறது, வேலை செய்யும் விதம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். ஒரு கண்ணாடிக்குழாய், மேலே ரப்பர் பந்து, கீழே ரேடியேட்டர் வாயில் உட்காரும் ரப்பர் கூம்பு, உள்ளே நீலத் திரவம். அந்த நிறம் பெரும்பாலும் புரோமோதைமால் நீலம். கார்பன் டை ஆக்சைடு பட்டால் முதலில் பச்சையாகும், இன்னும் சேர்ந்தால் மஞ்சளாகும். எரிந்த வாயு கேஸ்கெட் வழியாகக் கூலன்ட்டுக்குள், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீருக்குள், நுழைந்தால் ரேடியேட்டர் வாயில் அது மேலே வரும், திரவம் காட்டிக்கொடுக்கும்.

கிட்டை எடுப்பதற்கு முன்னால் காசில்லாமல் செய்யும் சோதனைகள் இருக்கின்றன. சைலன்சர் வாய்க்கு ஒரு முழம் தள்ளி வெள்ளைத் தாளைப் பத்து விநாடி பிடியுங்கள். தாள் நனைந்து, வெயிலில் காட்டியதும் தடமில்லாமல் காய்ந்தால் அது நீராவி. எண்ணெய்க் கறை போலப் படிந்து டீசல் வாடை அடித்தால் எரியாத டீசல். நீராவி காற்றில் சீக்கிரம் கரைந்துவிடும். டீசல் புகை தரையோடு தங்கும், கண் எரியும். நீலம் கலந்த வெள்ளையாக இருந்தால் ஆயில் பக்கம் பார்க்க வேண்டும். டர்போவின் ஆயில் ரிட்டர்ன் பைப் அடைத்திருந்தாலும் ஐடிலில் இப்படித்தான் வரும்.

நம் ஊருக்கென்று ஒரு கணக்கும் உண்டு. மார்கழிக் காலையில் ஆற்றோரம் நிற்கும் வண்டி முதல் சில நிமிடம் ஆவி விட்டால் அது சைலன்சரில் தங்கிய ஈரம், பயப்பட வேண்டாம். சித்திரை மதியத்தில் நாங்குநேரி டோல்கேட்டில் நிற்கும்போது வெள்ளையாக வந்தால் அதைப் பனி என்று சொல்ல வழியில்லை. சூடான இன்ஜினில், சூடான காற்றில் தெரியும் வெள்ளைப் புகை கோளாறுதான்.

டிரைவர் சொன்ன சொல்லிலேயே பாதி விடை இருக்கிறது. மிதித்தால் புகை நிற்கிறது என்றால் சந்தேகம் முதலில் டீசல் மேல்தான் போக வேண்டும். ஐடிலில் சிலிண்டருக்குள் சூடு குறைவு. டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் நாசில் ஒன்று சொட்டினாலோ, ஒரு சிலிண்டரில் காற்றை அழுத்தும் கம்ப்ரஷன் தளர்ந்தாலோ அங்கே டீசல் முழுதாக எரியாது. ஆக்சிலரேட்டர் கொடுத்தால் சூடு ஏறி எரிந்துவிடும். கூலன்ட் கசிவு அப்படி மறையாது, மிதித்தால் பெரும்பாலும் கூடும். ரிசர்வ் டப்பாவில் அளவும் நாளுக்கு நாள் இறங்கும்.

ஆவி என்று தெரிந்தால் கிட்டை எடுக்கலாம். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிடுங்கள். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். கூலன்ட்டை வாய்க்குக் கீழே இரண்டு அங்குலம் குறையும்படி இறக்குங்கள். இதை விட்டால் சூடேறி விரியும் கூலன்ட் குழாய்க்குள் ஏறித் திரவத்தைக் கெடுத்துவிடும், அதைக் கீழே கொட்டத்தான் வேண்டும். கண்ணாடிக்குழாயின் இரண்டு அறையிலும் கோடு வரை திரவம் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, மேல் ஹோஸ் சூடாகி, ரேடியேட்டருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் திறந்த பிறகு கூம்பை வாயில் அழுத்திப் பிடியுங்கள். பந்தை நிதானமாக இரண்டு நிமிடமாவது அமுக்கி விட வேண்டும். ஒவ்வொரு அமுக்கலுக்கும் குமிழி ஒன்று கீழறையைக் கடந்து மேலறைக்குப் போகும். கேஸ்கெட் போயிருந்தால் குமிழிகளைச் சுற்றி மயில்கழுத்து நிறம் தெரியும், கொஞ்ச நேரத்தில் குழாய் முழுக்கப் பச்சையாகும்.

நிறைய பேர் ஏமாறுவது இங்கேதான். பெட்டியில் 'மஞ்சளானால் லீக்' என்று போட்டிருக்கும். அது பெட்ரோல் வண்டிக்கான கணக்கு. பெட்ரோல் புகையில் கார்பன் டை ஆக்சைடு 13, 14 சதவீதம் வரை இருக்கும். டீசல் இன்ஜின் ஐடிலில் தேவைக்கு மேல் காற்றை இழுப்பதால் 2, 3 சதவீதம்தான் வரும். அதனால் டீசல் பிக்கப்பில் பச்சை தெரிந்தாலே லீக் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஐடிலில் மட்டும் பார்த்து நீலம் என்று முடிவு கட்டவும் வேண்டாம். 2000 ஆர்பிஎம் சுற்றுக்கு ஏற்றி இன்னும் இரண்டு நிமிடம் பாருங்கள். சில விரிசல்கள் குளிரில் மட்டுமே திறந்திருக்கும், எனவே காலையில் முதல் ஸ்டார்ட்டிலும் ஒருமுறை வைத்துப் பார்ப்பது நல்லது.

திரவம் உயிரோடிருக்கிறதா என்று சோதிக்கச் சைலன்சர் வாய்க்கு அருகில் கூம்பைக் காட்டிப் பந்தை அமுக்குங்கள், நிறம் மாற வேண்டும். பிறகு சுத்தமான காற்றில் நன்றாக அமுக்கினால் நீலம் திரும்பும். இதே காரணத்தால் மூடிய ஷெட்டுக்குள் சோதனை செய்யக் கூடாது. சூழ்ந்திருக்கும் புகையையே கூம்பு இழுத்துப் பொய்யாகப் பச்சை காட்டும்.

கிட்டால் கண்டுபிடிக்க முடியாதது இஜிஆர் கூலர் கசிவு. புகையில் ஒரு பங்கைக் குளிரவைத்து மறுபடி இன்ஜினுக்கே அனுப்பும் பாகம் அது. புதிய பிக்கப்களில் அந்தக் கூலருக்குள் கூலன்ட் ஓடுகிறது. அது ஓட்டையானால் கூலன்ட் நேராகப் புகைப்பாதைக்குப் போகும். ஐடிலில் புகையின் அழுத்தம் குறைவு என்பதால் வாயு கூலன்ட்டுக்குள் வராது. புகை வெள்ளை, கூலன்ட் குறைகிறது, திரவம் மட்டும் நீலமாகவே நிற்கும். அப்போது ரேடியேட்டர் வாயில் மாட்டிக் காற்றழுத்தம் ஏற்றும் பிரஷர் டெஸ்டர் வேண்டும். குளிர்ந்த இன்ஜினில், மூடியில் அச்சிட்ட அழுத்தம் வரை மட்டும் அடித்து, கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள். முள் இறங்கியும் வெளியே எங்கும் ஒழுகவில்லை என்றால் இஜிஆர் கூலரைக் கழற்றித் தனியாகச் சோதியுங்கள். அதற்குப் பிறகுதான் ஹெட்.

தாளில் டீசல் படிந்திருந்தால் இந்தக் கிட்டுக்கு வேலையே இல்லை. முதலில் டீசல் ஃபில்டர் அடியில் தண்ணீரை வடித்துவிட்டு, ஹீட்டர் பிளக்குகளைப் பாருங்கள். பழைய பம்ப் வண்டியில் ஐடிலில் ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப் நட்டாகத் தளர்த்தலாம். எந்த நட்டைத் தளர்த்தும்போது புகை நின்று, இன்ஜின் சத்தத்தில் மாற்றமே இல்லையோ அந்தச் சிலிண்டர்தான். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில் இதைச் செய்யவே கூடாது. ஐடிலிலேயே 200 பாருக்கு மேல் அழுத்தம் நிற்கும், பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஸ்கேனர் போட்டு, இன்ஜின் கம்ப்யூட்டர் டீசலைக் கூட்டிக் குறைத்துக் காட்டும் ஒவ்வொரு சிலிண்டரின் கரெக்‌ஷன் அளவையும் ஒப்பிட்டால் போதும். இன்ஜெக்டர்கள் திருப்பி அனுப்பும் டீசலைப் பாட்டிலில் பிடித்து அளக்கும் ரிட்டர்ன் பாட்டில் சோதனையில் நான்கும் சமமாக வந்துவிட்டது என்று இன்ஜெக்டருக்கு நற்சான்று கொடுத்துவிடாதீர்கள். அது உள் கசிவைத்தான் காட்டும். நாசில் நுனியில் சொட்டுகிறதா என்பதை பம்ப் சர்வீஸ் கடையின் டெஸ்ட் பெஞ்சில்தான் பார்க்க முடியும்.

வாங்கலாமா என்றால், ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர் கட்டாயம் வாங்கலாம். இரண்டு மூன்று பிக்கப் வைத்து வாழை, மீன் ஏற்றுபவருக்கும் ஒரு ஹெட் வேலை தவிர்ந்தாலே போட்ட காசு வந்துவிடும். ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். ஒரு மதிப்பெண் குறைவது இஜிஆர் கூலரைக் காட்டாததற்கு. ஒற்றை அறைக் கிட் வேண்டாம், இரண்டு அறை உள்ளதையே கேளுங்கள். பல கிட்டுகளில் திரவம் சேர்ந்து வராது, விவரத்தைப் படித்துவிட்டு ஆர்டர் போடுங்கள். கைக்கு வந்ததும் கூம்பின் ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டு பந்தை அமுக்கி விடுங்கள். பந்து ஒட்டியபடியே நிற்க வேண்டும். உடனே உப்பினால் வால்வு சரியில்லை, அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள். பிளாஸ்டிக் டப்பாவிலேயே பிரஷர் மூடி உள்ள வண்டிகளுக்கு வாய் அகலம், கூம்பு பொருந்துகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரவப் பாட்டிலை டேஷ்போர்டில் வைக்காதீர்கள். மூடியை இறுக்கி நிழலில் வையுங்கள். பயன்படுத்தியதைத் திரும்பப் பாட்டிலில் ஊற்ற வேண்டாம். குழாயை நல்ல தண்ணீரில் அலசி நன்றாகக் காயவைத்த பிறகே பெட்டியில் வையுங்கள்.