காரை விற்கும்போது பெயர் மாற்றம்: எந்த வழி நல்லது?

என் பழைய ஆல்டோவை வாங்க வந்தவர் பெயர் மாற்றப் படிவங்களான ஃபார்ம் 29 இரண்டு, ஃபார்ம் 30 ஒன்று எனக் கையோடு கொண்டுவந்திருந்தார். கையெழுத்து போடவேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி. வாங்குபவர் பெயர், தேதி எல்லாம் காலி. "போட்டுக் கொடுங்க சார், பேரை நான் மாத்திக்கிறேன்" என்றார்.

நம் ஊரில் பாதிப் பேர் செய்வது இதைத்தான். அரை மணி நேரத்தில் வேலை முடியும். ஆனால் அந்தக் காலி இடம் புரோக்கருக்கு வசதி; தன் பெயருக்கு மாற்றாமலே அடுத்தவருக்குக் கைமாற்றிவிடலாம். அதுவரை அபராத எஸ்எம்எஸ் நமக்கு வரும். விபத்து நடந்தால் இன்னும் மோசம். பல கை மாறிய ஒரு காரின் வழக்கில், ஆர்.சி.யில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், பெயர் இருப்பவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வண்டியை ஒப்படைத்ததற்கு அத்தாட்சியாக, தேதி, நேரம் போட்ட டெலிவரி நோட் அவசியம்தான். ஆனால் அது ஆர்.சி.யில் உள்ள பெயரை மாற்றாது.

இரண்டாவது வழி, கூடவே இருந்து மாற்றிக் கொடுப்பது. நான் இதற்குத்தான் ஒப்புக்கொண்டேன். படிவத்தில் அவர் பெயரை எழுதிய பிறகே கையெழுத்து. வாகனப் பதிவு வேலைகளுக்கான அரசின் பரிவாஹன் தளத்தில் அன்றே விண்ணப்பித்தோம். ஓடிபி என் போனுக்குத்தான் வந்தது. சட்டப்படி ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளிலும், வாங்கியவர் 30 நாளிலும் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். வேறு மாநிலம் என்றால் ஃபார்ம் 28 போட்டு என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்க வேண்டும். கடன் இருந்தால் ஃபார்ம் 35 கொடுத்து ஹெச்.பி.யை, அதாவது ஆர்.சி.யில் உள்ள கடன் குறிப்பை, கேன்சல் செய்துவிட்டு விலை பேசுங்கள். விலைக்கு மேல் பத்தாயிரம் வாங்கி வைத்தேன், பெயர் மாறியதும் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுத்து. அவருக்கு முதலில் முகம் சுருங்கியது. எழுதியதைப் படித்ததும் சரி என்றார்.

மூன்றாவது, அங்கீகாரம் பெற்ற டீலரிடம் கொடுப்பது. 2023 ஏப்ரல் முதல், வண்டியை ஒப்படைத்ததும் ஃபார்ம் 29சி மூலம் ஆன்லைனில் தெரிவித்துவிடலாம். ஒப்புகை எண் வந்ததும் பொறுப்பு டீலருடையது. விலை குறையும். வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ அவசரமாகக் கிளம்புபவருக்கு அந்த நஷ்டம் தாங்கக்கூடியதே. அங்கீகாரச் சான்றை மட்டும் பார்த்துவிடுங்கள்.

மற்றபடி தனியார் விற்பனை என்றால் இரண்டாவது வழிதான். ஆர்டிஓ ஏஜென்ட் அலைச்சலைக் குறைப்பார், பொறுப்பை ஏற்க மாட்டார்.

அப்புறம் இன்சூரன்ஸ். கிளெய்ம் எடுக்காததற்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் உங்களுடையது, காருடையது அல்ல. அதற்கான கடிதத்தை இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். ஃபாஸ்டேகையும் மூடிவிடுங்கள்.

மூன்றாவது வாரம் அவர் புது ஆர்.சி. கார்டைப் படம் எடுத்து அனுப்பினார். அன்றே பத்தாயிரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.